கரைசலின் செறிவு தவறும்போது: வகுத்தால் வரும் எண்ணைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழி

தயாரித்த கரைசலின் செறிவு எதிர்பார்த்தபடி அமையவில்லை என்று தெரிந்தவுடன், பெரும்பாலோர் அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடியும் எடைபோடத் தொடங்குகிறார்கள். குன்னூர்ப் பக்கத்தில் மண், நீர், தேயிலை இலை ஆகியவற்றைப் பரிசோதிக்கும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் நான், பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் முதலில் சொல்வது, கொட்ட வேண்டாம் என்பதுதான். கணக்கில் பிழை இருந்தால் இரண்டாம் முறையும் அதே பிழையோடுதான் எடைபோடுவோம். கொட்டிய கரைசலோடு தடயமும் போய்விடும்.

செய்ய வேண்டியது ஒரே ஒரு வகுத்தல். தரம் பார்த்து, அதாவது செறிவு தெரிந்த இன்னொரு பொருளோடு வினைபுரியச் செய்து அளந்து, கிடைத்த செறிவை, கிடைத்திருக்க வேண்டிய செறிவால் வகுக்க வேண்டும். எடைபோட வேண்டிய கிராம் அளவு என்பது மோலாரிட்டி (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல்), லிட்டரில் கன அளவு, மோலார் நிறை (ஒரு மோலின் எடை, கிராமில்) ஆகிய மூன்றையும் பெருக்கி, பொருளின் தூய்மையால் வகுத்தால் வருவது. இந்த நான்கில் ஒன்று தவறினால், விடை ஏதோ ஒரு குறிப்பிட்ட மடங்கில் தவறுமே ஒழிய, கண்டபடி தவறாது. அந்த மடங்கு எது என்று பார்த்தால், பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்பதும் தெரிந்துவிடும். கீழே விகிதம் என்று சொல்வதெல்லாம் இந்த வகுத்தலில் வரும் எண்ணையே.

விகிதம் 1000, 10, 4, 12.5 என்று வந்தால்

இவை நோட்டுப் புத்தகத்தில் நடந்த பிழைகள். கரைசலில் பெரும்பாலும் குறையிருக்காது. 1000 என்றால் மி.லி.யை லிட்டராகவோ, மில்லிகிராமைக் கிராமாகவோ மாற்ற மறந்திருக்கிறோம். 4 அல்லது 0.25 வந்தால், 250 மி.லி. குடுவைக்கு ஒரு லிட்டருக்கான கணக்கைப் போட்டிருக்கிறோம், அல்லது அதற்கு நேர்மாறாகச் செய்திருக்கிறோம். 12.5 என்ற எண் தற்செயலாக வருவதே இல்லை: 250 மி.லி.யாக ஆக்கிய கரைசலிலிருந்து 20 மி.லி. பிப்பெட்டால் எடுத்துத் தரம் பார்த்துவிட்டு, அந்த 20 மி.லி.க்குக் கிடைத்த எடையையே மொத்தக் குடுவைக்குமான எடையாக எழுதினால் அது தலைகீழாக, அதாவது 0.08 ஆக வரும். 250-ஐ 20-ஆல் வகுத்துப் பெருக்கும் அந்தப் படியை இரண்டு முறை செய்தால் 12.5 ஆக வரும். பிப்பெட் 25 மி.லி. என்றால் இதே பிழை 10 ஆகத் தோன்றி, தசமப் புள்ளி இடம் மாறியதைப் போல ஏமாற்றும்.

விகிதம் 0.64, 0.71, 0.37, அல்லது இவற்றின் தலைகீழ்

ஆய்வுக்கூடத்தில் மிக அடிக்கடி நான் காணும் பிழை இதுதான். படிக நீரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. காப்பர் சல்பேட்டின் மோலார் நிறையைப் புத்தகத்தில் தேடினால் 159.6 என்றும் இருக்கும், 249.7 என்றும் இருக்கும். முன்னது நீரற்ற வெண்பொடி, பின்னது ஐந்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்ட நீலப் படிகம். பாட்டிலில் இருப்பது நீலப் படிகம், கணக்கில் இருப்பது 159.6 என்றால், 0.1 மோலார் கரைசல் 250 மி.லி. தயாரிக்க 6.24 கிராம் போட வேண்டிய இடத்தில் 3.99 கிராம் போடுவோம், கரைசல் 0.064 மோலாராக நிற்கும். ஆக்சாலிக் அமிலத்தில் இதே பிழை 0.71 ஆக வரும், ஏனெனில் நீரற்ற அமிலத்தின் மோலார் நிறை 90.03, நாம் வாங்கும் படிகத்தின் மோலார் நிறை 126.07. சலவைச் சோடாவில் அது 0.37 வரை இறங்கிவிடும். பத்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்த அந்தப் படிகத்தின் எடையில் பாதிக்கும் மேல் தண்ணீரே.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று அழைக்கும் சோடியம் தயோசல்பேட்டின் நீரற்ற வடிவம் 158.1, படிகம் 248.2, விகிதம் 0.637. காப்பர் சல்பேட்டின் 0.639-க்கும் இதற்கும் வேறுபாடு காண, தரம் பார்க்கையில் ஊற்றி அளக்கும் எந்த பியூரெட்டாலும் முடியாது. அயோடின் வழியாகச் செம்பைக் கணக்கிடும்போது இரண்டு பொருள்களும் ஒரே சோதனையில் இருக்கும். எனவே 0.64 வந்தால் இரண்டு பாட்டில்களின் லேபிளையும் பார்க்க வேண்டும். ஒன்றைத் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

விகிதம் 1-க்கு மேலே இருந்து, அது நிலையான எண்ணாகவும் இல்லாமல் 1.1, 1.3 என்று மாறினால், படிகம் காற்றில் நீரை இழந்து மேலே மாவு பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் வறண்ட காற்றில், சரியாக மூடாத சலவைச் சோடா பாட்டிலில் இது நடக்கும். அத்தகைய பொருளுக்கு எந்த மோலார் நிறையும் பொருந்தாது. நீரற்ற சோடியம் கார்பனேட்டை எடுத்து, உலர்த்தி, 106 என்று கணக்கிடுவதே வழி.

இதே பிழை ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் நடக்கிறது. கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு விவசாயி ஓரம் கருகிய தேயிலைத் தளிர்களை ஒரு கவரில் போட்டு எடுத்து வந்து, "சார், போன வருஷமும் டேங்குக்கு இதே அம்பது கிராம்தான் போட்டேன், அப்போ ஒண்ணும் ஆகலை" என்றார். பத்து லிட்டர் டேங்குக்கு ஐம்பது கிராம் ஜிங்க் சல்பேட் என்பது 0.5 சதவீதம், அளவில் தவறில்லை. மறுநாள் அவர் கொண்டுவந்த இரண்டு பைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. பழைய பையில் துத்தநாகம் 21 சதவீதம் என்றும், புதிய பையில் 33 சதவீதம் என்றும் அச்சிட்டிருந்தது. முன்னது ஏழு நீர் மூலக்கூறுகள் கொண்ட படிகம். பின்னது ஒரே ஒரு நீர் மூலக்கூறு கொண்ட பொடி. பையின் பெயர் மாறவில்லை, கரண்டி மாறவில்லை, இலையில் விழுந்த துத்தநாகம் மட்டும் 1.57 மடங்காகிவிட்டது. புதிய பையிலிருந்து 32 கிராம் எடுத்திருந்தால் பழைய அளவே கிடைத்திருக்கும்.

விகிதம் 1.18, 1.84, 0.37: அடர் அமிலங்கள்

அடர் அமிலத்தை நாம் எடைபோடுவதில்லை, அளந்து ஊற்றுகிறோம். ஆனால் பாட்டிலில் எழுதியிருக்கும் சதவீதம் எடைச் சதவீதம். இந்த இரண்டுக்கும் நடுவில் அடர்த்தி இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் 37 சதவீதம், அடர்த்தி 1.18 என்றால், ஒரு லிட்டரின் எடை 1180 கிராம், அதில் அமிலம் 437 கிராம், அதை 36.46-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12 மோலார். அடர்த்தியை மறந்தால் 10.1 மோலார் என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றுவோம், விகிதம் 1.18 வரும். சதவீதத்தை மறந்தால் 32 மோலார் என்று நினைத்துக் குறைவாக ஊற்றுவோம், விகிதம் 0.37 வரும். அதாவது, மறந்த எண்ணே விகிதமாக வந்து நிற்கிறது.

கந்தக அமிலத்தில் இந்தப் பிழை மறைந்து நிற்கக் காரணம் உண்டு. 98 சதவீத அமிலம், மோலார் நிறை 98; அடர்த்தியை விட்டுவிட்டால் ஒரு லிட்டருக்குச் சரியாக 10 மோல் என்று முழு எண் வரும். அழகான முழு எண் வந்தால் கணக்கு சரிதான் என்று மனம் நம்பிவிடுகிறது. உண்மையில் அடர்த்தி 1.84 என்பதால் அது 18.4 மோலார். அரை மோலார் கரைசல் ஒரு லிட்டருக்கு 27 மி.லி. போதுமான இடத்தில் 50 மி.லி. ஊற்றுவோம். ஊற்றும்போது தண்ணீரில்தான் அமிலத்தை, சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும் என்பதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

உதகையிலும் குன்னூரிலும் மட்டும் கவனிக்க வேண்டிய ஒன்று கிளேசியல் அசிட்டிக் அமிலம். அதன் உறைநிலை 16.6 டிகிரி. சமவெளியில் படித்துவிட்டு வருபவர்கள் அதைத் திரவமாகவே பார்த்திருப்பார்கள். இங்கே டிசம்பர் காலையில் பாட்டிலுக்குள் பாதி வெள்ளைப் பாளமாகவும் பாதி திரவமாகவும் இருக்கும். அந்த நிலையில் மேலே இருக்கும் திரவத்தை ஊற்றிப் பயன்படுத்தினால் விகிதம் 1-க்குக் கீழே வரும், ஏனெனில் தூய அமிலம் முதலில் உறைந்து ஒதுங்கிவிட, அதில் இருந்த சிறிதளவு நீர் மீதித் திரவத்தில் சேர்ந்துகொள்கிறது. வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தி, பாளம் முழுவதும் உருகிய பிறகு, ஒருமுறை குலுக்கிவிட்டு எடுக்க வேண்டும்.

விகிதம் 2, 0.5, 5

துல்லியமாக 2 வந்தால், நார்மலும் (மோல்களுக்குப் பதிலாக வினைத்திறனை எண்ணும் செறிவு அலகு) மோலாரும் குழம்பியிருக்கின்றன என்பதே முதல் ஐயம். 0.1 நார்மல் கந்தக அமிலம் என்பது 0.05 மோலார். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கு அமில ஊடகத்தில் இந்த மடங்கு ஐந்து; 0.1 நார்மலுக்கு லிட்டருக்கு 3.16 கிராம் போதும், 15.8 கிராம் போட்டால் 0.1 மோலாராகிவிடும். பாதி கையேடுகள் இன்னும் நார்மாலிட்டியிலேயே எழுதப்பட்டிருப்பதால், எந்த அலகு என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் இதில் விழுகிறார்கள். என்னைக் கேட்டால், லேபிளில் இரண்டையும் எழுதுவதே நல்லது.

ஆனால் 2 வருவதற்கு வேறொரு வழியும் உண்டு. சோடியம் கார்பனேட்டுக்கு எதிராக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தரம் பார்க்கும்போது, நிறங்காட்டியாக மெத்தில் ஆரஞ்சுக்குப் பதிலாகப் பினாப்தலின் சேர்த்திருந்தால், கார்பனேட் பைகார்பனேட்டாக மாறிய பாதி வழியிலேயே இளஞ்சிவப்பு மறைந்துவிடும். 20 மி.லி. செலவாக வேண்டிய இடத்தில் 10 மி.லி. செலவாகி, அமிலம் இரண்டு மடங்கு வலுவானது போலத் தோன்றும். அந்தக் கூம்புக் குடுவையிலேயே ஒரு சொட்டு மெத்தில் ஆரஞ்சு விட்டுத் தொடர்ந்து ஊற்றினால், இன்னொரு 10 மி.லி. இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

2-ஐயும் 1.84-ஐயும் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. 20 மி.லி. அளவில் இவற்றின் வேறுபாடு ஒன்றரை மி.லி.க்கு மேல் இருக்கும். எவ்வளவு கவனமில்லாத கண்ணும் அதைத் தவறவிடாது.

விகிதம் 0.23, 0.44, 2.5, 4.4

கரைசலும் சரி, தரம் பார்த்ததும் சரி; எந்தப் பொருளாகக் கணக்கிட்டோம் என்பதில்தான் பிழை. 100 பிபிஎம் துத்தநாகக் கரைசல் வேண்டும் என்றால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் துத்தநாகம் வேண்டும். ஏழு நீர் கொண்ட ஜிங்க் சல்பேட்டில் துத்தநாகம் 22.7 சதவீதமே என்பதால் உப்பை 440 மில்லிகிராம் எடைபோட வேண்டும். உப்பையே 100 மில்லிகிராம் போட்டால் விகிதம் 0.23. உர மூட்டையில் எழுதியிருக்கும் பாஸ்பரஸ் சதவீதம் பாஸ்பரஸ் பென்டாக்சைடாகச் சொல்லப்படுவது. தனிமமாக மாற்ற 0.436-ஆல் பெருக்க வேண்டும். நீரின் கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டாகச் சொல்வதும் கால்சியமாகச் சொல்வதும் 2.5 மடங்கு வேறுபடும்.

நைட்ரேட்டில் இது தேவையில்லாத அச்சத்தையோ, தவறான நிம்மதியையோ தந்துவிடும். இந்தியத் தர அமைவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை, நைட்ரேட்டாக லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதையே நைட்ரஜனாகச் சொன்னால் 10.2 மில்லிகிராம். கேரட், உருளைக்கிழங்கு வயல்களுக்குக் கீழே ஓடும் ஒரே ஓடையின் தண்ணீருக்கு ஓர் அறிக்கை 40 என்றும் இன்னொன்று 9 என்றும் சொன்னால், இரண்டும் சரியாகவே இருக்கலாம். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.44, நைட்ரேட்டின் நிறை 62-ஐ நைட்ரஜனின் 14-ஆல் வகுத்தாலும் 4.43.

விகிதம் 0.8, 0.91

நீர்க்கச் செய்யும்போது நேரும் பிழை இது; கணக்கைவிடச் சொல்லில்தான் பிழை நுழைகிறது. "ஒன்றுக்கு நான்கு" என்றால் ஒரு பங்கு கரைசலுக்கு நான்கு பங்கு தண்ணீர், மொத்தம் ஐந்து பங்கு. "நாலில் ஒரு பங்கு" என்றால் மொத்தமே நான்கு பங்கு. பின்னதைக் கேட்டு முன்னதைச் செய்தால் விகிதம் 0.8. இதேபோல் 10 மி.லி. கரைசலை 100 மி.லி. குடுவையில் விட்டுக் கோடு வரை நிரப்ப வேண்டிய இடத்தில், 10 மி.லி.யோடு 100 மி.லி. தண்ணீரை அளந்து சேர்த்தால் மொத்தம் 110 மி.லி. ஆகி, விகிதம் 0.91 ஆகும்.

திண்மத்தைக் கரைக்கும்போதும் இது உண்டு, ஆனால் செறிந்த கரைசல்களில்தான் வெளியே தெரியும். ஒரு மோல் சர்க்கரையை, அதாவது 342 கிராமை, ஒரு லிட்டர் தண்ணீரில் கொட்டிக் கரைத்தால் கரைசல் 1.2 லிட்டரைத் தாண்டிவிடும். அது ஒரு மோலால் (ஒரு கிலோ நீருக்கு ஒரு மோல்) கரைசலே தவிர ஒரு மோலார் கரைசல் அன்று.

விகிதம் நிலையாக நிற்காமல் ஒவ்வொரு முறையும் மாறினால்

மாவு பூத்த படிகத்தையும் பாதி உறைந்த அசிட்டிக் அமிலத்தையும் தவிர, இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் விகிதம் அசையாமல் நிற்கும். அசைந்தால் கணக்கை விட்டுவிட்டுப் பொருளையும் கையையும் பார்க்க வேண்டும்.

சோடியம் ஹைட்ராக்சைடு முதலில். ஜூலை மாதத்தில் சன்னல் வழியே மூடுபனி உள்ளே வரும் ஒரு காலையில், கண்ணாடித் தட்டில் நான்கு கிராம் வில்லைகளை வைத்துவிட்டுத் தராசின் திரையைப் பார்த்துக்கொண்டிருங்கள்; கடைசி இலக்கம் நிற்கவே நிற்காது, ஏறிக்கொண்டே இருக்கும். சிறிது நேரத்தில் வில்லைகளின் வெண்மை போய் ஈரப் பளபளப்பு வந்து, தட்டை விட்டு வர மறுத்து ஒட்டிக்கொள்ளும். நாம் எடைபோடுவதில் ஒரு பகுதி நீலகிரியின் பனி. எனவே இதைக் குத்துமதிப்பாக எடைபோட்டுக் கரைத்து, 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலத்துக்கு எதிராகத் தரம் பார்த்து உண்மைச் செறிவை எழுதுவதே முறை. 20 மி.லி. அமிலத்துக்கு 21.3 மி.லி. செலவானால், 20 × 0.05 × 2 ÷ 21.3 என்று கணக்கிட்டு 0.0939 மோலார் என்று லேபிளில் எழுதிவிடலாம், 0.1 ஆக்கியே தீர வேண்டும் என்று வில்லைகளைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பது வீண்.

அடுத்தது பெர்மாங்கனேட். ஆக்சாலிக் அமிலத்தை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கித் தரம் பார்க்கச் சொல்கிறோம். குளிர்ந்த மேசைமேல், திறந்த சன்னலுக்கு அருகில், மெதுவாகச் சொட்டுச் சொட்டாக ஊற்றும் மாணவரின் குடுவை பாதி வழியிலேயே ஆறிவிடுகிறது. வினை மந்தமாகி, இளஞ்சிவப்பு மறையாமல் நிற்க, அதையே முடிவு நிலை என்று எழுதிவிடுகிறார். 20 மி.லி.க்குப் பதில் 18.8 மி.லி. என்று வந்தால் பெர்மாங்கனேட் 0.0200-க்குப் பதில் 0.0213 மோலார் போலத் தோன்றும். நிறம் நின்ற குடுவையை மறுபடி சூடாக்கிப் பாருங்கள். நிறம் மறைந்தால் அது முடிவு நிலை அன்று. நிறம் இளஞ்சிவப்பாக இல்லாமல் பழுப்பாகக் கலங்கினால், நீர்த்த கந்தக அமிலம் போதவில்லை என்று பொருள்.

மூன்றாவது, இரவில் படிகம் இறங்குவது. போரிக் அமிலம் 20 டிகிரியில் 100 மி.லி. நீரில் ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கரையும். 10 டிகிரியில் மூன்றரை கிராம் அளவே. பிற்பகலில் தெளிவாகக் கரைந்த நான்கு சதவீதக் கரைசலின் அடியில் விடிந்ததும் வெள்ளைச் செதில்கள் கிடக்கும். அதை வடிகட்டி எறிந்துவிட்டால் மேலே இருப்பது நான்கு சதவீதம் அன்று. எவ்வளவு என்பது அன்றிரவு எவ்வளவு குளிர் என்பதைப் பொறுத்தது. சூடாக்கி முழுவதும் கரைத்த பின்பே பிப்பெட்டை உள்ளே விட வேண்டும்.

போர்டோ கலவையில் கத்தி முனை சிவந்தால்

உருளைக்கிழங்கின் பின்கருகல் நோய்க்குத் தெளிக்கும் ஒரு சதவீதப் போர்டோ கலவைக்கு, நூறு லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்டின் நீலப் படிகம்) ஒரு கிலோ சுண்ணாம்பும். கலந்த பிறகு தீட்டிய இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுத்தால், முனையில் செம்பு படியக் கூடாது. படிந்தால் கரைந்த நிலையில் செம்பு மிச்சம் இருக்கிறது, இலை கருகும்.

இதில் கணக்கு ஒரு வேடிக்கை காட்டுகிறது. ஒரு கிலோ மயில்துத்தம் என்பது நான்கு மோல். அதற்கு ஈடாக நான்கு மோல் நீற்றுச் சுண்ணாம்பு, 74-ஆல் பெருக்கினால், 300 கிராமுக்கும் குறைவே. ஒரு கிலோ போட்டும் கத்தி சிவக்கிறது என்றால், போட்ட சுண்ணாம்பில் பெரும்பகுதி சுண்ணாம்பாகவே இல்லை. மூட்டை திறந்து கிடந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாகிவிட்டது. அதே மூட்டையிலிருந்து இன்னும் இரண்டு கிலோ அள்ளிப் போடுவதைவிட, புதிதாகச் சுட்ட சுண்ணாம்பைக் கொண்டுவந்து நீற்றி, கத்தி வெளுப்பாக வரும் வரை சிறிது சிறிதாகச் சேர்ப்பது சரி.

விகிதம் 0.997

கண்ணாடிக் குடுவையின் கழுத்துக்குக் கீழே 20 அல்லது 27 டிகிரி என்று பொறித்திருக்கும். நம் கூடத்தில் குளிர்காலக் காலையில் தண்ணீர் 12 டிகிரி. அந்த வெப்பநிலையில் நீரின் அடர்த்தி 0.9995, 27 டிகிரியில் 0.9965. குளிரில் கோடு வரை நிரப்பிய கரைசல், சமவெளியின் வெப்பத்துக்குப் போனால் ஆயிரத்தில் மூன்று பங்கு விரிந்து, மோலாரிட்டி அந்த அளவு குறையும். 20 மி.லி.யில் இது 0.06 மி.லி.; பியூரெட் முனையில் தொங்கும் ஒரு சொட்டு. காலையில் தயாரித்ததை அன்று மதியமே இங்கேயே பயன்படுத்தினால் அந்தச் சொட்டும் இராது. அரை மி.லி. வேறுபாட்டைக் காட்டி, "குளிர் சார்" என்று சொல்லும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள், அரை மி.லி. என்பது எட்டுச் சொட்டுக்கு மேல், அவர்களை மறுபடியும் தராசு மேசைக்கே அனுப்புகிறேன்.